சரித்திரம் படித்த பெண் கணனிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

"மகள் உயர்தரத்தில் கலைப் பிரிவு. கம்பியூட்டர் எல்லாம் அவளுக்கு எதற்கு?"

சகோதரிகளே, இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கலியாண வீட்டில், ரியூசன் வாசலில், பெறுபேறு வந்த நாளில் வீட்டுக்கு வந்த மாமியின் வாயில். சில வேளை நாமே சொல்லியும் இருப்போம். கணனி என்றால் அது கணிதம் படித்தவர்களின் சொத்து, அதிலும் ஆண் பிள்ளைகளின் சொத்து என்ற எண்ணம் நம் வீடுகளில் நன்றாகவே வேர்விட்டிருக்கிறது.

ஆனால் நாள் முழுவதும் நாம் செய்வது என்ன? நோன்புக் கஞ்சியின் பக்குவம் தொடக்கம் பிள்ளையின் காய்ச்சல் வரை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் தேடுகிறோம். இரண்டு மூன்று சொற்களை அடித்ததும் கோடிக்கணக்கான பக்கங்களுக்குள் இருந்து நமக்கு வேண்டியது முன்னால் வந்து நிற்கிறது. அப்படி வந்து நிற்பதற்கு அடிப்படையான கருத்துகளில் ஒன்றை 1972ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் ஒரு பெண். அவர் பல்கலைக்கழகத்தில் படித்த பாடம் கணிதம் அல்ல, விஞ்ஞானமும் அல்ல. சரித்திரம்!

அவருடைய பெயர் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணனித்துறைப் பேராசிரியையாக இருந்து, 2007இல் காலமானவர். அவருடைய பெயரைக் கேள்விப்படாதவர்கள் கணனித்துறைக்கு வெளியே ஏராளம். அவருடைய வேலையின் பயனை அனுபவிக்காதவர்களைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

உம்மாவின் பெயரையும் சேர்த்து

1935 ஆகஸ்ட் 26ஆம் திகதி இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஹடர்ஸ்பீல்ட் என்ற ஆலை நகரில் கரென் பிறந்தார். தந்தை ஓவன் ஜோன்ஸ் இரசாயனவியல் விரிவுரையாளர். தாய் ஐடா ஸ்பார்க் நோர்வே நாட்டுப் பெண்மணி. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியப் படைகள் நோர்வேயைப் பிடித்துக்கொண்டபோது அந்நாட்டு அரசாங்கம் லண்டனுக்கு வந்து இயங்கியது. தாயார் அந்த அரசாங்கத்திற்காக வேலை செய்தார். வீட்டுக்கு வெளியே பொறுப்பான உத்தியோகம் பார்க்கும் தாயைச் சிறு வயதிலேயே கண்டு வளர்ந்த பிள்ளை கரென்.

தாயின் குடும்பப் பெயரான ஸ்பார்க்கும் தந்தையின் பெயரான ஜோன்ஸும் அவருடைய பெயரில் சேர்ந்தே இருந்தன. 1958இல் திருமணம் முடித்த பின்னரும் அவர் அதை மாற்றவில்லை. அந்த நாளைய இங்கிலாந்தில் அது வழக்கமான காரியம் அல்ல. பெண் கணவரின் பெயருக்குள் மறைந்துவிடுவதே வழக்கம். இந்த ஸ்பார்க் என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேர்ட்டன் கல்லூரியில் சரித்திரம் படிக்கச் சேர்ந்தார். கேர்ட்டன் 1869இல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. ஆனால் அங்கே படித்து, பரீட்சை எழுதிச் சித்தியடைந்த பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான முழுப் பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் கொடுக்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1948இல்! கிட்டத்தட்ட 80 ஆண்டுகள் பெண்கள் படித்தார்கள். பட்டமளிப்பு மேடையில் மட்டும் இடம் இல்லை. அந்தக் கதவு திறந்து 5 ஆண்டுகளில் உள்ளே போனவர் கரென். சரித்திரத்தோடு கடைசி ஆண்டில் மெய்யியலும் படித்தார்.

படித்து முடித்ததும் என்ன செய்தார்? நம் பெண் பிள்ளைகளில் அநேகர் செய்வதைத்தான். பாடசாலை ஆசிரியையானார். அந்த வேலையில் அவர் நெடுநாள் இருக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

கேம்பிரிட்ஜில் அப்போது மார்கரெட் மாஸ்டர்மன் என்றொரு பெண்மணி இருந்தார். மெய்யியல் அறிஞர் விட்கென்ஸ்டைனிடம் நேரே பாடம் கேட்டவர். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அமைப்புக்கு வெளியே, மொழி ஆராய்ச்சிக்கென்று ஒரு சிறு குழுவைத் தாமே நடத்திக்கொண்டிருந்தார். முன்பு கீழைத்தேயக் கலைப் பொருட்களை வைத்திருந்த ஒரு சின்னஞ்சிறு கட்டடமே அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம். ஒரு மொழியில் உள்ளதை இயந்திரத்தைக் கொண்டு இன்னொரு மொழிக்கு மாற்ற முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி. 1950களில் இப்படிக் கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகம்.

பின்னாளில் இந்த மாஸ்டர்மன் அம்மையார், படிப்பைத் தொடர முடியாமல் வயது கடந்துபோன பெண்களுக்காகவே கேம்பிரிட்ஜில் லூசி கேவன்டிஷ் என்ற கல்லூரியை 1965இல் உருவாக்கியவர்களிலும் ஒருவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கரெனை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ரொஜர் நீடம். அந்தக் குழுவில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர். கரென் பின்னர் கைப்பிடித்ததும் அவரையே. 1950களின் பிற்பகுதியில் கரென் அந்தக் குழுவில் சேர்ந்தார்.

அங்கே நாம் இன்று நினைப்பதுபோல் கணனிகள் வரிசையாக இருக்கவில்லை. ஓட்டை போட்ட அட்டைகளும், அவற்றைப் பிரித்து அடுக்கும் இயந்திரங்களும்தான். சொற்களையெல்லாம் அட்டைகளாக்கி, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் உறவு என்று வகுத்துப் பார்த்தார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'படி' என்று ஒரு சொல். "பாடம் படி" என்கிறோம். "படியில் பார்த்து இறங்கு" என்கிறோம். "ஒரு படி அரிசி" என்கிறோம். நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதில் குழப்பம் வராது. பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டு பொருளைப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு யாராவது வழி சொல்லிக்கொடுக்க வேண்டும். சொற்கள் எப்படிக் கூட்டம் கூடுகின்றன, ஒத்த பொருள் என்றால் உண்மையில் என்ன என்பதே கரென் தமது கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. 1964இல் அதை முடித்தார்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்த ஆய்வேடு எல்லோரும் வாங்கிப் படிக்கும் புத்தகமாக வெளிவந்தது 1986இல். 22 ஆண்டுகள் கழித்து! அவர் 1964இல் கேட்ட கேள்வியின் அருமை துறையில் உள்ளவர்களுக்கு விளங்க அவ்வளவு காலம் எடுத்தது. இதற்கிடையில் 1966இல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு, இயந்திர மொழிபெயர்ப்பு இப்போதைக்குக் கைகூடாது என்று அறிக்கை கொடுத்துவிட்டது. அந்த ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பணமும் அதனோடு வற்றிப்போனது.

கரென் திசையைச் சற்றுத் திருப்பினார். மொழிபெயர்ப்பில் இருந்து தேடலுக்கு.

கொப்பியில் தேடுவது எப்படி?

1960களில் நூலகங்களில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் மலைபோல் குவியத் தொடங்கியிருந்தன. ஒருவர் வந்து தமக்கு வேண்டிய விடயத்தைச் சொன்னால், அதற்குப் பொருத்தமான கட்டுரைகளை இயந்திரம் எடுத்துத் தருமா? கரென் முதலில் தமக்குத் தெரிந்த வழியிலேயே போனார். ஒத்த பொருள் கொண்ட சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக் கொடுத்தால், தேடுபவர் ஒரு சொல்லைச் சொன்னாலும் அதன் சொந்தக்காரச் சொற்கள் உள்ள கட்டுரைகளும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்தார். பல ஆண்டுகள் இதில் உழைத்து, 1971இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

ஆனால் பலன் அவர் எதிர்பார்த்தபடி இருக்கவில்லை. ஒரு தொகுப்பில் சரியாக வந்தது இன்னொரு தொகுப்பில் வரவில்லை. எல்லா இடத்திலும் வரும் பொதுச் சொற்களைக் கூட்டம் சேர்த்தால் தேவையில்லாத கட்டுரைகள் வெள்ளம்போல் வந்து குவிந்தன. எப்போதாவது வரும் சொற்கள்தான் ஏதோ பிரயோசனம் தந்தன.

இந்த இடத்தில்தான், சகோதரிகளே, அவருடைய பெருமை இருக்கிறது. பல வருட உழைப்பு சறுக்கியபோது அதை மூடி மறைக்கவில்லை. ஏன் சறுக்கியது என்று எண்ணி எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணிக்கைக்குள்தான் விடை இருந்தது.

அந்த விடையை அடுப்படியில் வைத்தே விளக்கிவிடலாம். உங்கள் உம்மா எழுதிவைத்த சமையல் கொப்பி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் 1,000 சமையல் குறிப்புகள். பெருநாள் வருகிறது, வட்டிலாப்பத்தின் அளவு ஞாபகம் இல்லை. பக்கம் போட்டு எழுதவில்லை, பெயரும் சரியாகப் போடவில்லை. மகளைக் கூப்பிட்டு, "உப்பு என்று எழுதியிருக்கும் பக்கத்தை எடு" என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். உப்பு எல்லாப் பக்கத்திலும் இருக்கும். "வெங்காயம் இருக்கும் பக்கம்" என்றாலும் பாதிக் கொப்பி வரும். "கித்துள் கருப்பட்டி என்று இருக்கும் பக்கத்தை எடு" என்றால்? பத்துப் பக்கம்தான் வரும். அந்தப் பத்துக்குள் வட்டிலாப்பம் கட்டாயம் இருக்கும்.

உப்பு இல்லாமல் சமையல் இல்லை. ஆனால் தேடும்போது உப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு சொல் எத்தனை இடங்களில் வருகிறதோ, அந்த அளவுக்குத் தேடலில் அதன் பெறுமதி குறைகிறது. எவ்வளவு அருமையாக வருகிறதோ, அவ்வளவு பெறுமதி கூடுகிறது. கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்.

"இவ்வளவுதானா? இது நமக்கே தெரிந்ததுதானே!" என்று நினைப்பீர்கள். நமக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்குக் கணக்காகச் சொல்ல வேண்டும். கரென் கணக்காகச் சொன்னார். இன்று பாடப் புத்தகங்களில் உள்ள வடிவில் அந்தக் கணக்கு இப்படி இருக்கும். மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையை, அந்தச் சொல் வரும் பக்கங்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். வரும் விடைக்கு மடக்கை எடுங்கள். சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டிய ஞாபகம் இருக்கிறதல்லவா? அதே மடக்கைதான்.

உப்பு 1,000 பக்கத்திலும் இருக்கிறது. 1,000ஐ 1,000ஆல் பிரித்தால் 1. அதன் மடக்கை பூச்சியம். உப்புக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம்! கித்துள் கருப்பட்டி 10 பக்கத்தில். 1,000ஐ 10ஆல் பிரித்தால் 100. மடக்கை 2. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வரும் ஏதோ ஒரு சாமானுக்கு மடக்கை 3. தேடுபவர் அடித்த சொற்களுக்கு இப்படிப் புள்ளி போட்டு, எந்தப் பக்கத்துக்குக் கூடப் புள்ளி வருகிறதோ அதை முதலில் காட்டினால் வேலை முடிந்தது. மனிதர் யாரும் உட்கார்ந்து எந்தச் சொல் முக்கியம் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொப்பியே அதைச் சொல்லிவிடுகிறது.

அந்தக் கட்டுரை நூலகவியல் சார்ந்த ஒரு சஞ்சிகையில் 11 பக்கங்களில் வெளியானது. அவர் சோதித்துப் பார்த்தது மூன்று தொகுப்புகளில். ஒன்றிலும் ஆயிரம் ஆவணங்கள்கூட இருக்கவில்லை. அந்த நாளில் அவ்வளவுதான் முடியும். ஆனால் ஆயிரத்துக்குள் சரியாக வந்த கணக்கு கோடிகளுக்கும் சரியாக வந்தது.

கணக்கு ஊர் சுற்றியது

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சோல்டன் என்ற பேராசிரியர் இந்தத் துறையின் இன்னொரு தூண். அவர் கரெனின் கணக்கை எடுத்து, ஒரு பக்கத்துக்குள் அந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது என்ற எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தார். ஒரு குறிப்பில் கித்துள் கருப்பட்டி என்று நாலு தரம் வந்தால், ஒரு தரம் வந்ததை விட அது நமக்கு நெருக்கமானது அல்லவா? அந்த இரண்டும் சேர்ந்த கணக்குத்தான் உலகமெங்கும் கணனி மாணவர்கள் தேடலைப் பற்றிப் படிக்கும்போது முதலில் படிப்பது.

1976இல் ஸ்டீபன் ரொபர்ட்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, நிகழ்தகவைக் கொண்டு சொற்களுக்குப் பெறுமதி கொடுக்கும் இன்னொரு கட்டுரையைக் கரென் எழுதினார். அந்த வழியில் ரொபர்ட்சனும் அவருடைய கூட்டத்தாரும் 1990களில் லண்டனில் உருவாக்கிய புள்ளி போடும் முறை இன்றும் தேடல் மென்பொருள்களில் பாவனையில் இருக்கிறது. இப்போது நாம் கேள்வி கேட்டால் பதில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றிலும் சிலவற்றில், பதில் எழுதுவதற்கு முன் பொருத்தமான ஆவணங்களைப் பொறுக்கி எடுக்கும் வேலையை அந்தப் பழைய கணக்குச் செய்வதுண்டு. கூகுள் போன்ற பெரிய தேடல்களில் இதற்கு மேல் எத்தனையோ நுட்பங்கள் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாம் கரென் ஒருவரின் வேலை என்று சொன்னால் அது பொய். வீடு பெரிதாகிவிட்டது, அத்திவாரத்தில் அவருடைய கல்லும் இருக்கிறது.

இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தேடல் முறை நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் சிறு தொகுப்பில் சோதித்துவிட்டு, "எங்களுடையதுதான் சிறந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பெரிய தொகுப்பில் சோதிக்க வேண்டும் என்று 1975இலேயே இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து கரென் திட்டம் எழுதிக் கொடுத்தார். பிரித்தானியாவில் அதற்குப் பணம் கிடைக்கவில்லை. 1992இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் அப்படியொரு பொதுச் சோதனையைத் தொடங்கியபோது அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

ஒரே கட்டடத்தில் இரண்டு பேர்

இனி, இந்தக் கதையில் மனதை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன்.

இவ்வளவு செய்தவர் கேம்பிரிட்ஜில் என்ன பதவியில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? 1974இல் இருந்து அவர் அங்குள்ள கணனி ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். ஆனால் நிரந்தரமான உத்தியோகம் கிடையாது. ஆராய்ச்சி நிதி எங்கிருந்தாவது கிடைத்தால் அந்த நிதி முடியும்வரை ஒப்பந்தம். அது முடிந்தால் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு நிதி, இன்னொரு ஒப்பந்தம். இப்படியே பல பத்து ஆண்டுகள்! நம் ஊர்களில் தொண்டர் ஆசிரியைகளாக இருந்து, நியமனக் கடிதம் வரும் வரும் என்று தலைமுடி நரைத்தவர்களைத் தெரிந்த நமக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை.

அவருடைய கணவர் ரொஜர் நீடமும் அதே ஆய்வுகூடத்தில்தான் இருந்தார். அவரும் திறமையில் குறைந்தவர் அல்லர். கணனி வலையமைப்புகளின் பாதுகாப்பில் அவருடைய பெயர் தாங்கிய முறையே இருக்கிறது. 1980 தொடக்கம் 1995 வரை அந்த ஆய்வுகூடத்தின் தலைவராக இருந்தார். 1997இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி நிலையம் திறந்தபோது அதை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. கணவர் தலைவர்; அதே கட்டடத்தில் மனைவி ஒப்பந்த ஆய்வாளர். உலகம் முழுவதும் இருவரையும் சமமாக மதித்த காலத்தில்தான் இந்த நிலைமை.

இருவருக்கும் இடையில் பூசல் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நேர்மாறு. இளம் வயதில், ஆராய்ச்சிப் படிப்புக்கு நடுவே, கரவனில் குடியிருந்துகொண்டு, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கள் வீட்டைத் தங்கள் கைகளாலேயே கட்டிய தம்பதி அவர்கள். பாய்மரப் படகோட்டுவதில் இருவருக்கும் பைத்தியம். 1872இல் செய்த ஒரு பழைய படகை வாங்கி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் ஓட்டித் திரிந்தார்கள். பிள்ளைகள் இல்லை. 2003இல் கணவர் காலமாகும் வரை 45 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தார்கள். குறை வீட்டுக்குள் இருக்கவில்லை. ஒரு பெண்ணின் ஆராய்ச்சியைப் "பகுதிநேர வேலை" போலவே பார்த்துப் பழகிய ஒரு காலத்தில் அது இருந்தது. எனக்குப் படுவது அதுதான்.

பேராசிரியைப் பதவி 1999இல் கிடைத்தது. அந்த ஆண்டு அவருக்கு 64 வயது. அந்தப் பெரும் கட்டுரையை எழுதி 27 ஆண்டுகள் கழித்து. மூன்றே வருடத்தில், 2002இல், ஓய்வு பெறும் காலமும் வந்துவிட்டது.

வகுப்பறையும் விருதுகளும்

பதவி இல்லாத காலத்திலும் அவர் படிப்பித்தார். கணனி மூலம் பேச்சையும் மொழியையும் கையாளுவது பற்றிய முதுமாணிக் கற்கை ஒன்று 1980களில் கேம்பிரிட்ஜில் தொடங்கியபோது அதில் முக்கிய பங்கெடுத்தார். 1990களில், பதிவுசெய்த பேச்சுக்குள் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்ற ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நீண்ட கட்டுரையைக் கணனி எப்படிச் சுருக்கும் என்று யோசித்தார். இன்று கைத்தொலைபேசியில் நாம் சாதாரணமாகப் பாவிக்கும் வசதிகள் எத்தனையோ அந்தக் கேள்விகளின் வழி வந்தவைதான்.

அரைகுறை வேலையைப் பொறுத்துக்கொள்ளாத கறாரான ஆசிரியை என்று பெயர் எடுத்தவர். கணனித்துறைக்குப் பெண்கள் வர வேண்டும் என்பதில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. கணனி விவகாரம் ஆண்களின் கையில் மட்டும் விட்டுவிட முடியாத அளவுக்கு முக்கியமானது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாசகம். அவர் பெயரைச் சொன்னால் முதலில் பலருக்கு ஞாபகம் வருவதும் அதுதான். இதைச் சண்டைக்காகச் சொன்ன சொல்லாக எடுக்கக் கூடாது. கணனி எல்லோருடைய வாழ்க்கைக்குள்ளும் நுழைகிறது. ஆகவே அதைச் செய்பவர்கள் யாருக்காகச் செய்கிறோம், என்ன விளையும் என்று யோசித்துச் செய்ய வேண்டும் என்று சேர்த்தே சொன்னார். நம் பிள்ளைகளின் படங்களும் நம் வீட்டு விடயங்களும் எந்த எந்த இயந்திரத்தில் போய்ச் சேர்கின்றன என்று தெரியாமல் நாம் தவிக்கும் இந்த நாளில் அந்தப் பேச்சின் கனம் கூடித்தான் இருக்கிறது.

விருதுகள் வந்தன. தேடல் ஆராய்ச்சிக்கான சோல்டன் விருது 1988இல். கணனி மொழியியலுக்கான வாழ்நாள் சாதனை விருது 2004இல். பிரித்தானியக் கணனிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கம் 2007இல். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர். இவற்றுள் 1995ஆம் ஆண்டின் ஒரு கௌரவத்தை நான் தனியாக எடுத்துக் காட்டுவேன். அந்த ஆண்டு பிரித்தானிய அக்கடமி அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவுசெய்தது. அது விஞ்ஞானிகளின் சபை அல்ல. சரித்திரம், மொழி, மெய்யியல் போன்ற கலைத்துறை அறிஞர்களின் சபை. பின்னர் அங்கே உப தலைவராகவும் இருந்தார். கலைப் பிரிவில் இருந்து கணனிக்குப் போனவரைக் கலைப் பிரிவும் தன் பிள்ளையாகவே வைத்திருந்தது என்று சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வுகூடத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. புற்றுநோய் வந்த பின்னரும் இயலும்வரை வேலை செய்தார். 2007 ஏப்ரல் 4ஆம் திகதி காலமானார். 2008இல் அவருடைய பெயரால் இளம் ஆய்வாளர்களுக்கென்று ஒரு விருது உருவாக்கப்பட்டது.

அமெரிக்காவின் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, தான் அந்தந்தக் காலத்தில் கவனிக்கத் தவறிய மனிதர்களின் மரணச் செய்திகளைப் பிந்தியாவது எழுதுவோம் என்று ஒரு தொடரை நடத்துகிறது. அந்தத் தொடரில் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் பற்றிய குறிப்பு 2019 ஜனவரியில் வெளியானது. அவர் மறைந்து கிட்டத்தட்ட 12 ஆண்டுகளுக்குப் பிறகு.

உங்கள் மகள் இவரைப் பற்றி மேலும் தேடிப் படிக்க விரும்பினால், கரென் என்று மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உலகத்தில் உள்ள கரென்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஜோன்ஸ் என்று அடித்தாலும் அதே கதைதான். ஆங்கிலேயர் ஊரில் அது உப்பு மாதிரி. தாயின் பெயரையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் என்று போட்டதும் அவர் வந்துவிடுவார்.